ஞாயிற்றுக்கிழமை டேப்பை எப்போது அழிக்கலாம்?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் ஏறக்குறைய எல்லாமே டேப் பேக்கப் பற்றியவை, அதாவது கம்ப்யூட்டர் கோப்புகளைக் காந்த நாடாவில் நகலெடுத்து வைப்பது பற்றியவை. எனக்குச் சந்தோஷம்தான். இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டர் அறையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? பல இரவுகளில் எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை டேப் டிரைவின் சத்தம். அது சீராக ஓடுகிறதா, திணறுகிறதா என்று பக்கத்து அறையிலிருந்தே சொல்லிவிடுவேன்.

கேள்வி: எங்கள் சர்வரில் சுமார் 4 டெராபைட் கோப்புகள் இருக்கின்றன. ஞாயிறு இரவு எல்லாக் கோப்பையும் எடுக்கும் ஃபுல் பேக்கப், திங்கள் முதல் சனி வரை தினமும் முந்தைய நாளிலிருந்து மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல். மொத்தம் ஏழு டேப். ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் அதே கிழமைக்கு அதே டேப். இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. புதிதாக வந்த ஆடிட்டர் "இது பேக்கப்பே இல்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நியாயமா சார்?

பதில்: சொன்ன விதம் கொஞ்சம் கடுமை. சொன்னது சரி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு இரவு 11 மணிக்கு ஃபுல் ஓடத் தொடங்கிவிட்டது. 11:05-க்கு உங்கள் பேக்கப் எங்கே இருக்கிறது? போன வாரத்து ஃபுல் மேல் எழுத ஆரம்பித்தாயிற்று. புதிய ஃபுல் இன்னும் முடியவில்லை. அது முடிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரமும் உங்களிடம் இருப்பது சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் மட்டும்தான். அதுவும் எந்த நேரத்தில்? எல்லா டிஸ்க்கையும் ஒரு மூலை விடாமல் படிக்கவைக்கும் நேரத்தில். வாரம் முழுக்க சும்மா இருந்த டிஸ்க் அப்போதுதான் தன் நோயைக் காட்டும்.

நானும் இதே ஏழு டேப் ஏற்பாட்டை நடத்தியவன். எந்த இடம் என்பது வேண்டாம். ஒரு ஞாயிறு இரவு, ஃபுல் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் எழுத முடியவில்லை என்று டிரைவ் டேப்பை வெளியே துப்பியது. லாக் புத்தகத்தில் "ஃபுல் முடியவில்லை, திங்கள் இரவு மறுபடி" என்று எழுதிவிட்டு, காலையில் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். பத்து மணிக்கு போன் வந்தது. டிஸ்க் வரிசையில் அடுத்தடுத்து இரண்டு டிஸ்க் போய்விட்டன. பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அந்த ரெய்டு ஏற்பாடு ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டு போனால் தாங்காது.

என் கையில் இருந்தது இருபது நிமிடம் எழுதிய ஞாயிறு டேப். அந்த நேரத்தில் ஏறியிருந்தவை எல்லாம் சிஸ்டம் கோப்புகள். பழைய ஃபுல்லின் மிச்சம் நாடாவின் பின்பகுதியில் காந்தமாக அப்படியே இருக்கத்தான் செய்யும். ஆனால் தொடக்கத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டால், புதிய எழுத்து எங்கே முடிகிறதோ அதையே டேப்பின் முடிவாக டிரைவ் குறித்துக்கொள்ளும். அதற்கு அப்பால் ஒரு அடிகூடப் படிக்காது. கெஞ்சிப் பார்த்தாயிற்று.

மற்ற ஆறு டேப்பும் நல்ல நிலையில் இருந்தன. அந்த வாரம் யாராவது தொட்ட கோப்புகள் எல்லாம் திரும்பி வந்தன. "பத்திரமாக இருக்கட்டும், யாரும் கை வைக்க வேண்டாம்" என்று வருடக்கணக்காகத் தொடாமல் வைத்திருந்தவைதான் போயின. யாரும் தொடாததால் அவை எந்த இன்கிரிமென்டலிலும் ஏறவில்லை. இன்றைக்கும் அந்த திங்கட்கிழமையை நினைத்தால் வயிறு கலங்கும்.

ஆகவே முதல் வேலை, ஃபுல்லுக்கு இரண்டாவது டேப். ஒரு ஞாயிறு "அ", மறு ஞாயிறு "ஆ". இதோடு நிறுத்திவிடுபவர்கள் நிறைய. நிறுத்தினால் இன்னொரு குழி காத்திருக்கிறது. இந்த ஞாயிறு "ஆ"-வில் ஃபுல் எடுத்தீர்கள். திங்கள், செவ்வாய், புதன் டேப்கள் வழக்கம்போல் மறுபடி எழுதப்பட்டன. வியாழக்கிழமை "ஆ" படிக்கவில்லை என்று தெரிகிறது. கவலையில்லை, "அ" இருக்கிறதே என்று எடுத்தால், அதற்குரிய திங்கள், செவ்வாய், புதன் இன்கிரிமென்டல்கள் அழிந்துவிட்டன. பழைய வியாழன், வெள்ளி, சனி கையில் இருந்தும், இடையில் மூன்று நாள் மாற்றங்கள் இல்லை. முதல் கண்ணியே அறுந்த சங்கிலி. போன ஞாயிறு நிலைமைக்குத்தான் முழுசாகத் திரும்ப முடியும்.

அதனால் ஒரு ஃபுல் உயிரோடு இருக்கும்வரை அதன் இன்கிரிமென்டல்களும் உயிரோடு இருக்க வேண்டும். ஏழு டேப்பும் சேர்ந்து ஒரு செட். இரண்டு செட், பதினான்கு டேப் என்பது குறைந்தபட்சம். நான் மூன்று செட் வைப்பேன்: ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், ஒன்று அலமாரியில், ஒன்று வேறு கட்டடத்தில். பழைய செட்டின் மேல் எழுதுவதற்கு முன் புதிய செட்டின் ஃபுல் முடிந்திருக்க வேண்டும். அதிலிருந்து சில கோப்புகளையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் அன்று புது டேப் போடுங்கள், பழையதைத் தொடாதீர்கள். அவசரத்துக்கென்று உறை பிரிக்காத இரண்டு டேப் எப்போதும் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

மாதக் கடைசி ஃபுல்லைச் சுழற்சியிலிருந்து எடுத்துவிட்டு, அதன் இடத்தில் வேறு டேப் சேர்க்கவும் சொல்லிவிடுகிறேன். ஒரு கணக்குக் கோப்பு ஜனவரியில் கெட்டு, ஏப்ரலில்தான் யாராவது கவனிப்பார்கள். அதற்குள் மூன்று செட்டும் கெட்ட கோப்பையே பலமுறை பத்திரப்படுத்தியிருக்கும். தினசரி, வாராந்திரம், மாதாந்திரம் என்று மகன், அப்பா, தாத்தா முறையில் மூன்று தலைமுறை வைப்பது இதற்காகத்தான்.

கேள்வி: இன்கிரிமென்டலா, டிஃபரென்ஷியலா? எது நல்லது?

பதில்: நேற்றிலிருந்து மாறியதை மட்டும் எழுதுவது இன்கிரிமென்டல். கடைசி ஃபுல்லிலிருந்து மாறிய அனைத்தையும் தினமும் எழுதுவது டிஃபரென்ஷியல். தினம் 100 ஜிபி புதிதாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், சனிக்கிழமை இன்கிரிமென்டல் 100 ஜிபி. டிஃபரென்ஷியல் 600 ஜிபி வரை போகும். எழுதும் இரவில் இன்கிரிமென்டல் இனிக்கும். திரும்ப எடுக்கும் நாளில், அதற்கு ஏழு டேப்பும் வரிசை தவறாமல் வேண்டும். டிஃபரென்ஷியலுக்கு இரண்டே டேப்.

ஒரு டேப் சரியாகப் படிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 99 என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருக்கும் வாய்ப்பு 98. ஏழும் சரியாக இருக்கும் வாய்ப்பு 93-தான். ஆகவே இரவில் நேரம் கிடைக்கும் என்றால் என் ஓட்டு டிஃபரென்ஷியலுக்கு.

இரண்டையும் கலக்கலாம். பாகுலா மென்பொருளோடு வரும் மாதிரி அட்டவணை அப்படித்தான்: மாதத்தின் முதல் ஞாயிறு ஃபுல், மற்ற ஞாயிறுகளில் டிஃபரென்ஷியல், திங்கள் முதல் சனி வரை இன்கிரிமென்டல். யூனிக்ஸில் பழகியவர்களுக்கு டம்ப் என்ற பேக்கப் கட்டளையின் 0 முதல் 9 வரையிலான நிலைகள் நினைவிருக்கும். 0 என்றால் ஃபுல். வேறு எந்த எண்ணைக் கொடுத்தாலும், அதைவிடச் சிறிய எண்ணில் கடைசியாக எடுத்த பேக்கப்பிலிருந்து மாறியவை அனைத்தும் வரும். அதன் கையேடு 0-க்குப் பிறகு 3, 2, 5, 4, 7, 6, 9, 8 என்று போகச் சொல்லும். முதலில் பார்த்தபோது யாரோ தூக்கத்தில் எண் எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது புரிந்தது: 3-இல் ஏறியவை மறுநாள் 2-இலும் ஏறும், 5-இல் ஏறியவை 4-இலும் ஏறும். 3-ம் 5-ம் 7-ம் பழுதானாலும், 6 எழுதிய நாளில் 0, 2, 4, 6 ஆகிய நான்கை வைத்தே எல்லாம் எடுத்துவிடலாம். ஹனோய் கோபுரப் புதிரிலிருந்து வந்த வரிசை. அழகான கணக்கு. ஆனால் ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் டேப் மாற்றுபவருக்கு அழகு முக்கியமில்லை. கையால் டேப் மாற்றும் இடத்தில் இதை வேண்டாம் என்பேன்.

கேள்வி: ஒரு நாள்கூடத் தவறாமல் இன்கிரிமென்டல் எடுத்தும், ரீஸ்டோர் செய்தபோது (டேப்பிலிருந்து திரும்ப எடுத்தபோது) ஒரு ஃபோல்டர் முழுதாகக் காணோம். வேறு கம்ப்யூட்டரிலிருந்து செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து வைத்த பழைய படங்கள் அவை. லாக்கில் பிழை எதுவும் இல்லை. மாயமா?

பதில்: மாயமில்லை, தேதி. உங்கள் மென்பொருள் "கடைசியாகத் திருத்திய தேதி" ஒன்றை மட்டுமே பார்த்திருக்கும். கொண்டுவந்தது செவ்வாய்க்கிழமைதான். ஆனால் காப்பி செய்யும்போது பழைய தேதியும் கூடவே வந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு திருத்திய படம் என்றால் "இது ஃபுல்லிலேயே இருக்கும்" என்று நினைத்து விட்டுவிடும். லினக்ஸில் கோப்பின் விவரங்கள் மாறிய நேரம் தனியாகப் பதிவாகிறது. அதையும் பார்க்கும் மென்பொருள் இதைப் பிடித்துவிடும். ஆனால் மேல் ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றினால், உள்ளே இருக்கும் கோப்புகளில் எந்த நேரமும் மாறாது. போன முறை என்னென்ன இருந்தன என்று பட்டியல் வைத்து ஒப்பிடும் மென்பொருளாக இருந்தால் நிம்மதி. குனு டார் என்ற பேக்கப் நிரலில் அதற்கான ஸ்னாப்ஷாட் கோப்பு வசதி உண்டு. பெரிதாக எதையாவது இடம் மாற்றினால் அன்றிரவே ஃபுல் எடுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் மூன்று உண்டு. விண்டோஸில் "ஆர்கைவ் பிட்" என்று ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கொடி. கோப்பு மாறினால் கொடி ஏறும், ஃபுல்லும் இன்கிரிமென்டலும் அதை இறக்கும், டிஃபரென்ஷியல் தொடாது. உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் நடுவாரத்தில் தனக்கென்று ஒரு ஃபுல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், எல்லாக் கொடியும் இறங்கிவிடும். அதுவரை மாறியவை அவர் டேப்பில்தான் இருக்கும், உங்கள் சங்கிலியில் இருக்காது. அப்படி எடுப்பவர்களைக் கொடியைத் தொடாத "காப்பி" வகையில் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் செய்வது. "கடைசி பேக்கப்" நேரத்தை வேலை முடிந்த பிறகு குறித்துவைப்பார்கள். 11 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கு முடிகிறது. ஒரு கோப்பை 12 மணிக்குப் படித்தாயிற்று. 1 மணிக்கு யாரோ அதைத் திருத்துகிறார்கள். குறித்த நேரம் 3 மணி என்றால் அந்தத் திருத்தம் எந்த டேப்பிலும் வராது. நேரத்தைத் தொடங்கும் முன்பே குறியுங்கள். சில கோப்புகள் இரண்டு தடவை ஏறும், ஏறட்டும்.

மூன்றாவது இதற்கு நேர்மாறு: காணாமல் போவதில்லை, செத்தவை எழுந்து வரும். புதன்கிழமை அழித்த கோப்பு ஃபுல்லில் இருக்கிறது. அழித்த செய்தியை இன்கிரிமென்டல் பதிவு செய்யவில்லை என்றால், ரீஸ்டோர் செய்யும்போது அதுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு முறை இப்படி வந்தவற்றால் டிஸ்க்கே நிறைந்து ரீஸ்டோர் பாதியில் நின்றுவிட்டது.

கேள்வி: அண்ணா, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. லினக்ஸ் சர்வர். ஒரே டேப்பில் திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாக டார் எழுதினேன். படித்துப் பார்த்தால் புதன்கிழமை மட்டும்தான் இருக்கிறது. டேப் கோளாறா?

பதில்: டேப் நல்ல டேப், தம்பி. டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. எஸ்டி0 என்ற பெயரில் எழுதினால், எழுதி முடித்ததும் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். என்எஸ்டி0 என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். நீங்கள் முதலாவதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். செவ்வாய் வந்து திங்களின் மேல் எழுதியது, புதன் வந்து செவ்வாயின் மேல் எழுதியது. என்எஸ்டி0-க்கு மாறுங்கள். அதோடு விடாமல், ஒவ்வொரு இரவும் எழுதும் முன், டேப்பை நகர்த்தும் எம்டி கட்டளையால் பதிவின் கடைசிக்குப் போகச் சொல்லுங்கள். பகலில் யாராவது டேப்பை வெளியே எடுத்துத் திரும்பப் போட்டாலும் அது தொடக்கத்தில்தான் போய் நிற்கும்.

இரண்டு மாதத்திலேயே, படித்துப் பார்த்துக் கண்டுபிடித்தீர்களே. பத்து வருடம் இப்படியே ஓட்டியவரை எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும். ஒரு வாரம் முழுக்க ஒரே டேப்பில் எழுதினால் அது வாரம் முழுக்க டிரைவிலேயே கிடக்கும். டிரைவ் நாடாவைக் கடித்தாலும், அறையில் தீப்பிடித்தாலும், சர்வருக்குள் புகுந்தவன் அழிக்கச் சொன்னாலும் ஆறு நாளும் ஒன்றாகப் போகும். தினம் ஒரு டேப் வீண் என்று தோன்றும். எனக்குத் தோன்றியதில்லை.

கேள்வி: ஞாயிறு இரவு தொடங்கும் ஃபுல் திங்கள் மாலை வரை ஓடுகிறது. டிரைவ் புதியது, வேகமானது என்று சொல்லித்தான் வாங்கினோம்.

பதில்: வேகமான டிரைவ் என்பதுதான் சிக்கலே. எல்டிஓ என்ற டேப் வகையின் எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 டிரைவ் நொடிக்கு 360 எம்பி வரை எழுதும். அந்த வேகத்தில் 12 டெராபைட் டேப் ஒன்று நிரம்ப ஒன்பதேகால் மணி நேரம். ஆனால் அந்த வேகத்தில் டேட்டாவை யார் கொடுப்பது? லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடித் தேடிப் படிக்கும் டிஸ்க்கால் நொடிக்கு 30 எம்பிதான் கொடுக்க முடிகிறது என்றால், 4 டெராபைட்டுக்கே 37 மணி நேரம். டிரைவ் ஓரளவுக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால், நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடி, மறுபடி நிற்கும். ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது துணி முன்னும் பின்னும் போவதுபோல. நாடாவும் தேயும், டிரைவில் அதைப் படித்து எழுதும் தலையும் தேயும். நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் கண்டுபிடிப்பதாகச் சொன்னது இந்தச் சத்தத்தைத்தான்.

முதலில் வேறொரு வேகமான டிஸ்க்கில் பேக்கப்பைச் சேர்த்துவிட்டு, அங்கிருந்து ஒரே மூச்சில் டேப்புக்கு எழுதுங்கள். அதிலும் நேரம் போதவில்லை என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் ஃபுல் என்ற பிடிவாதத்தை விடுங்கள். அக்கவுண்ட்ஸுக்கு திங்கள், மெயிலுக்கு செவ்வாய் என்று பிரித்துவிடலாம். அமண்டா மென்பொருள் இதைத் தானே கணக்குப் போட்டுச் செய்யும். முக்கியமாக, ஃபுல் முடியாதபோது திங்கள் இன்கிரிமென்டல் தொடங்காதபடி தடுப்பு வையுங்கள். எதை அடிப்படையாக வைத்து அது மாற்றங்களைக் கணக்கிடும்?

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்புகளை அப்படியே டேப்பில் ஏற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: தலை ஒரு நேரத்தியது, கால் ஒரு நேரத்தியது என்று ஏறும். டேட்டாபேஸே எழுதித்தரும் முழு நகலை (இதையும் டம்ப் என்பார்கள்) எடுத்தோ, ஒரு நொடியின் நிலையை அப்படியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்தோ அதை ஏற்றுங்கள்.

கேள்வி: டேப் 30 வருடம் தாங்கும் என்கிறார்களே?

பதில்: சொன்ன வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைத்தால் டேப் தாங்கும். அதைப் படிக்கும் டிரைவ்? எல்டிஓ-7 வரை ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பைப் படித்தது. எல்டிஓ-8 டிரைவ் 7-ஐப் படிக்கும், 6-ஐப் படிக்காது. எல்டிஓ-9 டிரைவ் 8-ஐ மட்டும். டிரைவ் மாற்றும்போது பழைய டிரைவைத் தூக்கிப்போடாதீர்கள். பழைய மாதாந்திர டேப்களைப் புதியவற்றுக்கு மாற்றும்வரை அது வேண்டும்.

கேள்வி: இந்தக் காலத்தில் டேப்பா? எல்லாம் மூன்று இடத்தில் தானாகவே நகலாகிறதே!

பதில்: 2011 பிப்ரவரியில் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்பெட்டி காலியாகிவிட்டது. மென்பொருள் பிழை ஒன்று பல இடங்களில் இருந்த நகல்களையும் பாதித்துவிட்டது. கூகுள் எங்கிருந்து மீட்டது தெரியுமா? டேப்பிலிருந்து. அலமாரியில் இருக்கும் டேப்பை எந்தப் பிழையும் போய்த் தொட முடியாது.

கேள்வி: ரீஸ்டோர் சோதனை எத்தனை நாளுக்கு ஒரு முறை?

பதில்: மாதம் ஒரு முறையாவது. எந்தக் கோப்பு என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வேறு துறையில் யாரையாவது ஒரு கோப்பும் ஒரு தேதியும் சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்பவர் எப்போதும் பாதாளத்தில் புதைந்த எதையாவது சொல்வார்; அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே தேடுவேன். வருடத்துக்கு ஒரு முறை, பேக்கப் சர்வரே இல்லை என்று வைத்துக்கொண்டு, எந்தக் கோப்பு எந்த டேப்பில் என்று சொல்லும் கேட்டலாக் இல்லாமல், வேறு டிரைவில் ஒரு டேப்பைப் படித்துப் பாருங்கள். என்கிரிப்ஷன் போட்டிருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியும். பல இடங்களில் சாவி அந்தச் சர்வருக்குள்ளேயே இருக்கும்.

தோல்வி மெயில் வரவில்லை என்பதால் எல்லாம் நல்லபடி என்று இருந்துவிடாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்கள் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. இவற்றையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள்; அதற்கு ஒரு சலாம். வெற்றி மெயிலும் தினமும் வரட்டும். வராத நாளில் எழுந்து போய்ப் பாருங்கள்.

கேள்வி: லேபிளில் கிழமையை எழுதக் கூடாதா?

பதில்: எண்ணை எழுதுங்கள். எந்த எண்ணில் எந்தத் தேதி இருக்கிறது என்பது நோட்டில் இருக்கட்டும். "திங்கள்" என்று எழுதிவிட்டால், திங்கட்கிழமை வந்ததும் கை தானாக அந்த டேப்பை எடுத்துவிடும். லேபிளை அதற்குரிய இடத்தில் மட்டும் ஒட்டுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக வேண்டாம். பென்சிலும் வேண்டாம், அதன் தூள் டிரைவுக்குள் போகும்.